நாற்காலியின் மேல் ஏறுவதற்கு முன்

மார்கழியின் கடைசி வாரம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒட்டடைக் கோலுக்கும் ஈரத்துணிக்கும் ஓய்வு கிடையாது. பரணில் கிடப்பவை கீழே இறங்கும். மின்விசிறியின் இறக்கைகளில் ஓராண்டாகப் படிந்த தூசி அகலும். சாமி படங்கள் துடைக்கப்பட்டுப் புதுப் பொட்டு பெறும். போகிக்கு முன் வீட்டைத் தூய்மை செய்வது நம் மரபு. ஆயுத பூசைக்கு முன்பும் இதுவே வழக்கம். தூய்மையான வீடு உடல்நலத்துக்கு உகந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இதே நாள்களில்தான் நாற்காலியிலிருந்தும் ஏணியிலிருந்தும் விழுந்தவர்களை மருத்துவர்களாகிய நாங்கள் காண நேர்கிறது. அவர்களுள் பலர் ஏற்கெனவே ஏதேனும் ஒரு நோய்க்குச் சிகிச்சை பெற்று வருபவர்கள். ஆகவே, நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஒரு தாயாரின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், அறுபது வயதைக் கடந்த ஒரு தாயாரை அவருடைய மகன் என்னிடம் அழைத்து வந்தார். அடையாளம் தெரியாவண்ணம் சில விவரங்களை மாற்றி இங்கே கூறுகிறேன். அவர் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் மாத்திரை உட்கொண்டு வந்தவர். அவற்றுள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் ஒன்று. "இரண்டு வாரமாகத் தலைவலி என்கிறார். பேசிக்கொண்டே இருக்கும்போது மறந்துவிடுகிறார். நடக்கும்போது இடது காலை இழுக்கிறார். வயதாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்" என்றார் மகன்.

சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே பழைய இரத்தம் தேங்கி மூளையின் வலப்புறத்தை அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. "அம்மா எங்கேயாவது விழுந்தாரா?" என்று கேட்டேன். இல்லவே இல்லை என்று மகன் உறுதியாகக் கூறினார். தாயாரோ தரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். மகன் வெளியே சென்றபின் மீண்டும் கேட்டேன். பொங்கலுக்கு நான்கு நாள்களுக்கு முன், வீட்டில் எவரும் இல்லாத வேளையில், பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்ததாகவும், அண்ணாந்து பார்த்தபோது தலை சுற்றி விழுந்ததாகவும், சுவரில் தலை இடித்ததாகவும் மெல்லிய குரலில் சொன்னார். இரத்தம் வரவில்லை, சிறிய வீக்கம் மட்டுமே. எழுந்து நாற்காலியை அதன் இடத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். பொங்கலன்று குடும்பம் முழுவதற்கும் அவரே சமைத்திருக்கிறார்.

"ஏன் அம்மா யாரிடமும் சொல்லவில்லை?" என்றேன்.

"சொன்னால் திட்டுவான் டாக்டர். அப்புறம் ஒரு வேலையும் செய்யவிட மாட்டான்" என்றார்.

நரம்பியல் அறுவை மருத்துவர் மண்டையோட்டில் சிறு துளையிட்டு அந்த இரத்தத்தை வெளியேற்றினார். தாயார் நலமடைந்தார். இன்னும் சில நாள்கள் தாமதித்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கக் கூடும். இந்நிகழ்வில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஏறுவது பற்றியது. மற்றொன்று, விழுந்ததைச் சொல்வது பற்றியது. இரண்டையும் முறையே பார்ப்போம்.

சிறிய உயரம் என்று எண்ணலாமா?

"நாற்காலிதானே, ஒன்றரை அடி உயரம்தானே" என்று கருதுவது இயல்பு. ஆனால் ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவர் அதன் மேல் நின்றால் அவருடைய தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஏழடி உயரத்தில் இருக்கிறது. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறது. 2 மீட்டரில் அது 22 கிலோமீட்டராகவும், 3 மீட்டரில் 28 கிலோமீட்டராகவும் உயர்கிறது. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஆகும் நேரம் அரை வினாடிக்கும் குறைவு. ஆபத்தை உணர்ந்து கையை ஊன்றவோ எதையேனும் பற்றவோ அந்த நேரம் போதுவதில்லை.

விழும் விதத்தைப் பொறுத்துக் காயம் மாறுபடும். கையை ஊன்றி விழுபவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிகிறது. பக்கவாட்டில் விழும் முதியவருக்கு இடுப்பு எலும்பு முறிகிறது. உயரத்திலிருந்து குதிகால் தரையில் படும்படி விழுபவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்குவதோடு, அந்த விசை கால்கள் வழியாக மேலேறி முதுகெலும்பையும் முறிக்கக் கூடும். எனவேதான் குதிகால் முறிவோடு வருபவரின் முதுகையும் நாங்கள் பரிசோதிக்கிறோம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், நெடுங்காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்களுக்கும் எலும்பின் வலிமை குறைந்திருக்கும். இளைஞர் ஒருவர் சிராய்ப்போடு எழுந்துவிடக்கூடிய வீழ்ச்சியே அவர்களுக்கு எலும்பு முறிவாக முடியலாம்.

உயரத்தில் நிற்கும்போது உடலில் நிகழ்வது என்ன?

நாம் நிலையாக நிற்பதற்குக் கண், உட்செவி, பாதங்களின் உணர்வு ஆகிய மூன்றும் மூளைக்கு இடைவிடாமல் செய்தி அனுப்புகின்றன. இம்மூன்றில் ஒன்று தடுமாறினாலும் மற்ற இரண்டும் ஓரளவு ஈடுசெய்யும். இரண்டு தடுமாறினால் உடல் சாய்கிறது. உயரத்தைத் துடைக்கும் வேலையில் இவை ஒரே நேரத்தில் சோதனைக்கு உள்ளாகின்றன.

முதலாவதாக, அண்ணாந்து பார்த்தல். உட்செவியில் கால்சியத்தால் ஆன நுண்ணிய துகள்கள் உள்ளன. வயது ஏறும்போதோ தலையில் அடிபட்ட பின்போ இத்துகள்கள் தம் இடத்திலிருந்து நழுவி அரைவட்டக் குழல்களுக்குள் புகுந்துவிடுவதுண்டு. அத்தகையவர் தலையைப் பின்னோக்கிச் சாய்த்தவுடன் உலகமே சுழல்வதுபோல் தோன்றும். இது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு அந்த ஒரு நிமிடம் வெறும் தொல்லை. நாற்காலியின் மேல் நிற்பவருக்கோ அது பேராபத்து. படுக்கையில் புரளும்போதோ, மேலடுக்கில் உள்ள டப்பாவை எடுக்க அண்ணாரும்போதோ உங்களுக்குத் தலை சுற்றுவதுண்டு எனில், மருத்துவரிடம் கூறுங்கள். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிச் செய்யும் எளிய பயிற்சியால் இதனைப் பெரும்பாலும் சரிசெய்ய இயலும்.

இரண்டாவதாக, இரத்த அழுத்தம். அமர்ந்தோ குனிந்தோ வேலை செய்துவிட்டுச் சட்டென எழும்போது சிலருக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து கண் இருள்கிறது. இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றை உட்கொள்வோருக்கு இது நேர வாய்ப்பு மிகுதி. தரையில் வாளியிலிருந்து துணியைப் பிழிந்துகொண்டு உடனே நாற்காலியில் ஏறுவது இதற்கு ஏற்ற சூழலாக அமைந்துவிடுகிறது.

மூன்றாவதாக, சர்க்கரை. "வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடலாம்" என்று உணவைத் தள்ளிப்போடுவது நம் இல்லங்களில் வழக்கம். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, கை நடுக்கம், வியர்வை, மயக்கம் ஆகியவை தோன்றலாம். அன்றியும், நெடுநாள் நீரிழிவால் பாதங்களில் உணர்வு மங்கியவருக்கு ஏணிப்படியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது காலுக்குத் தெரியாது.

நான்காவதாக, கண்ணாடி. தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் ஒரே கண்ணாடி அணிந்திருப்பவர் கீழே நோக்கும்போது, படிப்பதற்கான பகுதியின் வழியே பார்க்கிறார். அதனால் படி மங்கலாகவும் இடம் மாறியும் தோன்றும். இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிடுவது இதனாலும் நேர்கிறது.

இவற்றோடு, சளிக்கான மாத்திரை, உறக்க மாத்திரை, மது ஆகியவையும் தடுமாற்றத்தை மிகுவிக்கும்.

ஏறவே கூடாதவர்கள்

பின்வரும் நிலைகளில் உள்ளவர்கள் நாற்காலியிலோ ஏணியிலோ ஏறுவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

1. வலிப்பு நோய் உள்ளவர்கள். அண்மையில் மயங்கி விழுந்தவர்கள். அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள்.

2. வார்ஃபரின் போன்று இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளையோ, ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகிய மாத்திரைகளையோ உட்கொள்பவர்கள். இவர்களுக்குச் சிறிய அடியும் பெரிய இரத்தக் கசிவாகலாம். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். தவிர்க்க வேண்டியது ஏணியையே, மாத்திரையை அன்று.

3. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் நெஞ்செலும்பு கூடும் வரை, அதாவது மருத்துவர் அனுமதி வழங்கும் வரை, கைகளை உயர்த்திப் பளுவைத் தூக்குவதும் தள்ளுவதும் கூடாது.

4. பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள், பொருத்திய பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவதை முதல் சில வாரங்களுக்குத் தவிர்க்க வேண்டும். உயரத்தைத் துடைப்பது என்பதே கையை உயர்த்தும் வேலைதான்.

5. கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், மருத்துவர் சொல்லும் காலம் வரை. மேலிருந்து கண்ணில் விழும் தூசி தொற்றுக்கு வழிவகுக்கும்.

6. எலும்புப்புரை நோய், முழங்கால் தேய்மானம், பக்கவாதத்தின் எச்சம், நடுக்குவாதம் ஆகியவை உள்ளவர்கள்.

7. கருவுற்ற பெண்கள். வயிறு வளரும்போது உடலின் சமநிலைப் புள்ளி முன்னோக்கி நகர்வதால் சாய்வு எளிதில் ஏற்படும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் விழுவதற்கு மட்டுமன்றித் தூசிக்கும் அஞ்ச வேண்டும். ஒட்டடை அடிக்கும் அறையில் அவர்கள் இருத்தல் ஆகாது. தூசி அடங்கியபின், தரையை ஈரத்துணியால் துடைத்த பிறகே அவர்கள் உள்ளே வரலாம்.

ஏறாமலே செய்யும் வழிகள்

விழாமல் இருப்பதற்கான மிகச் சிறந்த வழி, ஏறாமல் இருப்பதே. இதற்குச் சில ஏற்பாடுகள் போதும்.

நீண்ட கைப்பிடியுள்ள ஒட்டடைக் கோலும், மின்விசிறியின் இறக்கையை மேலும் கீழும் ஒருசேரத் துடைக்கும் வளைந்த தூரிகையும் கடைகளில் கிடைக்கின்றன. தரையில் நின்றபடியே பத்தடி உயரக் கூரை வரை இவற்றால் எட்டிவிடலாம். ஒட்டடையை நேர் மேலே அண்ணாந்து அடிக்காமல், இரண்டடி தள்ளி நின்று சாய்வாக அடியுங்கள். கழுத்து அதிகம் வளையாது. தூசியும் கண்ணில் விழாது. முகக்கவசமும் கண்ணாடியும் அணிவது நன்று.

பரணில் கனமான பித்தளைப் பாத்திரங்களையும் அரிசி மூட்டையையும் வைக்காதீர்கள். எடுக்கும்போது ஆளோடு சேர்ந்து விழுபவை இவையே. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் தேவைப்படும், எடை குறைந்த பொருள்களே பரணுக்கு உரியவை. நாள்தோறும் வேண்டியவை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். முதியவர் ஒருவர் அன்றாடம் பூ வைத்து வணங்கும் படங்களை அவருடைய கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கி மாட்டிவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. ஒரு நாளைக்கு ஓர் அறை என்று பகுத்துக்கொண்டால் களைப்பும் அவசரமும் குறையும்.

ஏறித்தான் ஆக வேண்டும் எனில்

உடல்நலம் உள்ள, வயதில் இளைய ஒருவர் ஏறட்டும். அவரும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் நாற்காலி உட்காருவதற்கென்று செய்யப்பட்டது. அதன் விளிம்பில் எடை விழுந்தால் ஒரு பக்கமாகக் கவிழும். வழவழப்பான டைல்ஸ் தரையில் கால்கள் அகன்று நழுவும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் முறியும் தன்மையை அடைந்திருக்கும். நாற்காலியின் மேல் முக்காலி, கட்டிலின் மேல் ஸ்டூல் என அடுக்குவதும், சக்கரம் பொருத்திய நாற்காலியில் ஏறுவதும் அறவே கூடாதவை.

மடக்கு ஏணி எனில், இரு பக்கத்தையும் முழுவதும் விரித்து, இடைப்பட்ட தாழ்ப்பாள் பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். நான்கு கால்களும் தரையில் அசையாமல் பதிந்திருக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் அதனை மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள். கால்மிதியின் மீதோ ஈரத்தரையின் மீதோ ஏணியை நிறுத்தாதீர்கள். மேலிருந்து முதல் இரண்டு படிகளில் நிற்கக் கூடாது.

சுவரில் சாய்க்கும் ஏணி எனில், நான்குக்கு ஒன்று என்னும் அளவை நினைவில் கொள்ளுங்கள். ஏணி சுவரைத் தொடும் உயரம் 12 அடி எனில், அதன் அடிப்பாகம் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். ஏணியின் அடியில் கால்விரல்கள் படும்படி நேராக நின்று கைகளை முன்னே நீட்டினால், தோள் உயரத்தில் உள்ள படி உள்ளங்கைக்கு எட்ட வேண்டும். எட்டினால் சாய்வு சரி என்று கொள்ளலாம். மொட்டை மாடிக்கு ஏறும் ஏணி, மாடியின் விளிம்புக்கு மேல் மூன்றடியாவது நீண்டிருத்தல் அவசியம். இறங்கும்போது பற்றிக்கொள்ள அதுவே துணை.

ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியை நோக்கியே இருங்கள். இரண்டு கைகளும் ஒரு காலும், அல்லது இரண்டு கால்களும் ஒரு கையும் என, எப்போதும் மூன்று உறுப்புகள் ஏணியைத் தொட்டிருக்க வேண்டும். வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். கீழே நிற்பவர் எடுத்துத் தரட்டும். உங்கள் தொப்புள் ஏணியின் இரு நெடுஞ்சட்டங்களுக்கு இடையிலேயே இருக்க வேண்டும் என்பது எளிய விதி. "இன்னும் ஒரு சாண்தானே" என்று எட்டும்போதுதான் ஏணி சாய்கிறது. இறங்கி, ஏணியை நகர்த்தி, மீண்டும் ஏறுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். எலும்பு கூடுவதற்கோ மாதங்கள் ஆகும்.

புடைவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள். வேட்டியையும் லுங்கியையும் மடித்துக் கட்டுங்கள். தளர்ந்த ரப்பர் செருப்போடு ஏறுவது ஆபத்து. மேலே ஒருவர் இருக்கும்போது, ஏணியைப் பற்றிக்கொண்டு கீழே ஒருவர் நிற்க வேண்டும். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் பயனில்லை. தனியே இருக்கும் வேளையில் எவரும் ஏற வேண்டாம்.

மின்சாரம், கூரை, தொட்டி

மின்விசிறியைத் துடைக்கும் முன் சுவிட்சை நிறுத்துவதோடு, அந்த அறைக்கான எம்.சி.பி.யையும் இறக்கிவிடுங்கள். "கரண்ட் இல்லை, இப்போதே துடைத்துவிடலாம்" என்று சுவிட்சைக் கவனியாமல் தொடங்குவோர் உண்டு. மின்சாரம் திடீரெனத் திரும்பி இறக்கை சுழன்றால், அடிபடுவதோடு அதிர்ச்சியில் விழவும் நேரும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் வெளியிலிருந்து மின்சாரம் வராதபோதும் மின்விசிறிக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும் என்பதையும் மறவாதீர்கள். அலுமினிய ஏணி மின்சாரத்தைக் கடத்தும். வீட்டுக்கு வெளியே மின்கம்பி செல்லும் பக்கத்தில் அதனையோ, இரும்புக் கம்பி பொருத்திய ஒட்டடைக் கோலையோ உயர்த்தாதீர்கள்.

சன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கச் சன்ஷேடின் மீதோ மாடிக் கைப்பிடிச் சுவரின் மீதோ ஏறி நிற்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். கல்நார்க் கூரைத் தகடு மேலே நிற்பவரின் எடையைத் தாங்கும் என நம்பாதீர்கள்; அது முன்னறிவிப்பின்றி உடையும். ஓட்டுக் கூரையில் மழைக்காலப் பாசி வழுக்கும்.

மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தனியே இறங்கக் கூடாது. காற்றோட்டமற்ற தொட்டிக்குள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தால் எழும் நெடி மூச்சைத் திணறச் செய்யும். அதனுடன் ஆசிட்டைச் சேர்த்தால் நச்சு வாயு உண்டாகும். இவ்வேலையைப் பழகியவரிடம் ஒப்படைப்பதே நலம்.

வேலைக்கு ஒருவரை அமர்த்துகிறோம் எனில், அவருடைய பாதுகாப்பும் நம் பொறுப்பே. அவருக்கும் நல்ல ஏணி வேண்டும். பற்றிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நம் தாயார் ஏறக் கூடாத இடத்தில், அவரையொத்த வயதுடைய பணிப்பெண்ணை ஏறச் சொல்வது முறையன்று.

விழுந்துவிட்டால் செய்ய வேண்டியவை

விழுந்தவரைக் கண்டதும் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைப்பதே நம் முதல் இயல்பு. அதை அடக்கிக்கொள்ளுங்கள். முதுகெலும்பிலோ கழுத்திலோ முறிவு இருந்தால், அவசரமாகத் தூக்குவது தண்டுவடத்தைப் பாதித்துக் கைகால்களைச் செயலிழக்கச் செய்யலாம்.

மின்சாரம் தாக்கி விழுந்திருக்கக் கூடுமெனில், அவரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பிறகு அவரிடம் பேச்சுக் கொடுங்கள். நினைவிழந்திருந்தாலோ, கழுத்திலோ முதுகிலோ வலி என்றாலோ, கைகால் மரத்திருந்தாலோ, அசைக்காமல் 108 எண்ணுக்கு அழையுங்கள். ஆம்புலன்சு வரும் வரை தலையும் கழுத்தும் திரும்பாமல் இருபுறமும் கைகளால் தாங்கிப் பிடியுங்கள். இரத்தம் வடிந்தால் தூய துணியை வைத்து அழுத்துங்கள். குடிக்கத் தண்ணீரோ சோடாவோ காபியோ தராதீர்கள். நினைவு மங்கியவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

ஒரு கால் குட்டையாகித் தோன்றி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தால் அது இடுப்பு எலும்பு முறிவின் அடையாளம், நிற்கச் சொல்லாதீர்கள். வீங்கிய இடத்தில் எண்ணெய் தடவி உருவுவது முறிந்த எலும்பை இடம்பெயரச் செய்யும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் முன் இறுக்கமாகக் கட்டுப்போடுவதும் தவறு; இரத்த ஓட்டம் தடைப்படக் கூடும்.

தலையில் அடிபட்டவர் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று கூறினாலும், முதல் 24 மணி நேரமாவது அவரைத் தனியே விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது இரத்தம் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் எனில், அறிகுறி தோன்றும் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே வந்துவிடுங்கள். வரும்போது மாத்திரைச் சீட்டையும் கொண்டு வாருங்கள்.

முதியவர்களுக்கு இன்னும் ஒன்று. வயதாகும்போது மூளை சற்றே சுருங்குவதால், அதன் மேற்பரப்பிலிருந்து உறைக்குச் செல்லும் நுண்ணிய சிரைகள் இழுபட்ட நிலையில் இருக்கும். சிறு அதிர்வில் அவை கிழிந்து, இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, சில வாரங்கள் கழித்தே மூளையை அழுத்தத் தொடங்கும். மறதியும் நடைத் தளர்ச்சியும் முதுமை என்றே தோன்றும். மேலே கூறிய தாயாருக்கு நேர்ந்தது இதுவே. எனவே, சில வாரங்களுக்குள் ஒரு முதியவரின் பேச்சிலோ நடையிலோ மாற்றம் தெரிந்தால், "அண்மையில் எங்கேனும் விழுந்தீர்களா?" என்று கேளுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

அக்கேள்வியை எந்தக் குரலில் கேட்கிறோம் என்பது மிக முக்கியம். "இந்த வயதில் இது தேவையா? யார் ஏறச் சொன்னது?" என்று கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் விழுந்தது நமக்குத் தெரியவே வராது. நம் சினத்தின் பின்னே இருப்பது அன்புதான். ஆயினும், கேட்பவருக்கு எட்டுவது சினம் மட்டுமே. "வலிக்கிறதா? எங்கே பட்டது? எப்போது நடந்தது?" என்று முதலில் கேளுங்கள். அறிவுரையைப் பிறகு கூறிக்கொள்ளலாம்.

நோயுற்றவர்கள் ஏன் ஏறுகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தாம் பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்னும் வருத்தமும், இன்னும் தம்மால் இயலும் என்று காட்டும் விருப்பமுமே பெரும்பாலும் காரணம். சில வேளைகளில் காரணம் இன்னும் எளியது: இரண்டு முறை கேட்டும் வீட்டில் எவரும் அந்த வேலையைச் செய்து தரவில்லை. "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று தடுத்துவிட்டு, வேலையையும் செய்யாமல் விட்டால், அவர் நாம் இல்லாத நேரத்தில் ஏறுவார். ஆகவே, தடுப்பதோடு நில்லாமல் நாள் குறித்து வேலையை முடித்துக் கொடுங்கள். அவருக்கும் தரையில் அமர்ந்தோ நின்றோ செய்யக்கூடிய பணியை ஒதுக்குங்கள். இறக்கிய படங்களையும் பாத்திரங்களையும் துடைப்பது, வேண்டியவை எவை, போகிக்குக் கழிப்பவை எவை எனத் தேர்வது ஆகியவை அவருடைய அனுபவத்துக்கு உரிய பணிகளே.

நோயாளிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். விழுந்தால் மறைக்காதீர்கள். விழுவது குற்றமன்று. அதைச் சொன்னால்தான் இரத்த அழுத்த மாத்திரையின் அளவையோ, கண்ணாடியையோ, காதில் உள்ள கோளாற்றையோ எங்களால் சரிசெய்ய இயலும். அடுத்த வீழ்ச்சியைத் தடுப்பதற்கான செய்தி முதல் வீழ்ச்சியில்தான் இருக்கிறது.

நினைவில் கொள்க

1. தரையில் நின்று எட்ட இயலுமா என்று முதலில் பாருங்கள்.
2. வேளைக்கு உணவும் மருந்தும் உட்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.
3. நாற்காலி உட்காருவதற்கே, ஏறுவதற்கு உறுதியான ஏணி, பற்றிக்கொள்ள ஓர் ஆள்.
4. மின்விசிறிக்கு முன் எம்.சி.பி.
5. விழுந்தவரை உடனே தூக்காதீர்கள், தேவையெனில் 108.
6. தலையில் பட்ட அடியை, சிறிதே ஆயினும், வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

அந்தத் தாயார் வீடு திரும்பும் நாளன்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி டாக்டர், இனி அந்த ஃபேனை யார் துடைப்பார்கள்?" நான் பதில் சொல்லவில்லை, மகனைப் பார்த்தேன். அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்தபோது, நீண்ட கைப்பிடியுள்ள தூரிகை ஒன்றை வாங்கிவிட்டதாகவும், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அது தம்முடைய வேலை என்றும் மகன் கூறினார். சாமி படங்களும் தாயாரின் தோள் உயரத்துக்கு இறங்கியிருந்தன. "இப்போது பூ வைக்க நாற்காலி வேண்டியதில்லை" என்றார் அவர்.

உங்கள் வீட்டில் அந்த வேலை யாருடையது என்பதை, பண்டிகைக்கு முன்பே அனைவரும் அமர்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.